ஓரிகன் கோடையில் முதல் ஆர்வி பயணம்: கடலோரத்திலும் உள்நாட்டிலும் இடம் பிடிப்பது எப்படி

ஆர்வி என்றால் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. "ஆர்வி வாடகைக்கு எடுக்கப்போகிறோம், எந்த வண்டி நல்லது?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தங்குவதற்கு இடம் கிடைத்துவிட்டதா? பெரும்பாலும் பதில் இருக்காது. 30 அடி வண்டிக்கு முன்பணம் கட்டியிருப்பார்கள். பார்த்துவைத்த கேம்ப்கிரவுண்டில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில், காலியாக இருப்பது 25 அடிக்கு மேல் நுழைய முடியாத இடமாக இருக்கும். ஆகவே, முதலில் இடம், அதற்கு ஏற்ற வண்டி அப்புறம்.

போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் வசிப்பதால் நான் இங்கே ஓரிகன் மாநிலத்தை வைத்தே சொல்கிறேன். பீவர்டன், ஹில்ஸ்பரோ பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோடை வந்தால் ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்துவிடுவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கூடாரம் போட முடியாது. தினமும் ஒரு ஹோட்டல் மாறினால் அம்மாவின் ரசத்துக்கு வழியில்லை. ஆர்வி இங்கேதான் கைகொடுக்கும், வீட்டுச் சமையலும் சொந்தக் கழிப்பறையும் கூடவே வரும். கடலோரம், மலை ஏரி, அருவி என்று மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம்.

முதல் வேலை: எந்த வாரம் என்று முடிவு செய்வது

ஓரிகன் கடலோரக் கோடை நம் கோடை இல்லை. ஜூலை மாத மத்தியானத்தில் பதினாறு, பதினெட்டு டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், கூடவே காற்று. என் அம்மா முதல் தடவை 'சம்மர் பீச்' என்ற சொல்லை நம்பிக் காட்டன் புடவையில் இறங்கினார். ஐந்தே நிமிடத்தில் வண்டிக்குள் போய் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். கடல் நீரோ இன்னும் மோசம், பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி. கோடையில் காற்று வடக்கிலிருந்து கரையை ஒட்டியே வீசுகிறது. பூமி சுழல்வதால் மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகி மேற்கே நகர, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்ந்த நீரின் மேல் ஈரக்காற்று படும்போது மூடுபனி உண்டாகிறது. உள்நாட்டில் வெயில் ஏற ஏற, கடல் காற்று இன்னும் வேகமாக உள்ளே இழுக்கப்படும். அதனால் போர்ட்லண்டில் வெயில் கொளுத்தும் அதே நாளில், இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள கடற்கரையில் சூரியனே தெரியாமல் போகலாம்.

உள்நாடு நேர் எதிர். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லண்டில் 46 டிகிரியைத் தாண்டியது. தெற்கே ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி என்பது சாதாரணம். மலைக்கு மேலே போனால் கதை மறுபடி மாறுகிறது. கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி விழுகிறது. ஏரியைச் சுற்றும் 33 மைல் சாலை முழுவதும் திறக்கப் பல வருடங்களில் ஜூலை ஆகிவிடும். பனி உருகினால் கொசு வரும், கொசு அடங்கினால் காட்டுத்தீப் புகை வரும். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் மூண்ட தீயில் கேஸ்கேட் மலையோர ஊர்கள் சில எரிந்தே போயின.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடலும் மலையும் சேர்ந்த பயணத்துக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை என்பதே என் கணக்கு. ஆகஸ்ட் கடைசியில்தான் விடுமுறை என்றால் கடலோர நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், மலையைக் குறையுங்கள். புகை வந்தாலும் கடற்காற்று இருக்கும் பக்கம் பெரும்பாலும் மூச்சுவிட முடியும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 ஒட்டிய வாரத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது: கடலோரத்தில் எதைத் தேடுவது

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தேடுவது ஒன்றே. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடல் தெரிகிறது என்றால் கடல் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே எதுவும் இல்லை என்று பொருள். இரவு முழுக்க வண்டி ஆடும். வெளியே நாற்காலி போட்டு உட்கார முடியாது, அடுப்பு அணைந்துகொண்டே இருக்கும்.

கடலைப் பார்க்கக் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய அவசியமும் ஓரிகனில் இல்லை. 1967-இல் வந்த கடற்கரைச் சட்டத்தின்படி இங்கே முழுக் கடற்கரையும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியது. எந்த ஹோட்டலும் வேலி போட்டு மறிக்க முடியாது. ஆக, தூங்குவதற்குக் காற்று படாத இடமும், பத்து நிமிட நடையில் மணலும் இருந்தால் போதும். நான் தேடுவது அதைத்தான்.

நெஹேலம் பே ஸ்டேட் பார்க் (மாநிலப் பூங்கா) இதற்கு நல்ல உதாரணம். கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவில் நீளும் மணல் திட்டில் இருக்கிறது. கேம்ப்கிரவுண்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு பெரிய மணல் மேடு. படுக்கையிலிருந்து கடலைப் பார்க்க முடியாது, ஆனால் ராத்திரி முழுக்க அலைச் சத்தம் கேட்கும். காலையில் மேட்டின் மேல் ஏறினால் மொத்தக் கடலும் கண்முன்னே. கொஞ்சம் வடக்கே, கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் என்ற பழைய ராணுவக் கோட்டை இருக்கிறது. பெரிய கேம்ப்கிரவுண்ட், சைக்கிள் பாதைகள், குழந்தைகள் குளிக்க நன்னீர் ஏரி. கடற்கரையில் 1906-இல் தரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் இரும்புக்கூடு இன்னும் நிற்கிறது. 1942 ஜூனில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இந்தக் கோட்டையை நோக்கிக் குண்டு வீசியிருக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ள அப்பாக்களுக்கு இங்கே இரண்டு நாள் போதாது.

நியூபோர்ட் பக்கம் இரண்டு உண்டு. பெவர்லி பீச்சில் கேம்ப் காட்டுக்குள் ஒடுங்கி இருக்கிறது, நெடுஞ்சாலைக்கு அடியிலேயே நடந்து மணலுக்குப் போய்விடலாம். சவுத் பீச் சமதளம், மீன் காட்சியகம் பக்கத்தில், பெரியவர்கள் நடக்க வசதி. இன்னும் தெற்கே ஃப்ளோரன்ஸைத் தாண்டினால் ஹனிமேன். என் பிள்ளைகளைக் கேட்டால் பயணத்தையே அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். அங்கிருந்து தெற்கே 40 மைலுக்கு மணல் குன்றுகள். ஒரு குன்று நேராகக் கிளியோவாக்ஸ் ஏரிக்குள் இறங்குகிறது. மணலில் சறுக்கி வந்து நன்னீரில் விழலாம், கடலைப்போல உடம்பு விறைக்காது. குன்றுகளில் மணலில் ஓட்டும் விளையாட்டு வண்டிகளின் சத்தம் பகலில் கேட்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில் புரூக்கிங்ஸ் ஊரின் ஹாரிஸ் பீச், ஓரிகன் கடலோரத்திலேயே இதமான வானிலை உள்ள பகுதி. ஆனால் போர்ட்லண்டிலிருந்து 300 மைலுக்கு மேல். ஒரு வாரப் பயணத்தில் அதைச் சேர்த்தால் ஓட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

கடலோரத்தில் எங்கே தங்கினாலும், போனவுடன் நீலநிறச் சுனாமிப் பலகை எந்தப் பக்கம் கை காட்டுகிறது என்று பாருங்கள். இந்தக் கரைக்கு அப்பால் கேஸ்கேடியா நிலத்தட்டுப் பிளவு இருக்கிறது. 1700 ஜனவரியில் அது அதிர்ந்தபோது எழுந்த அலை ஜப்பான் வரை போய், அங்கே ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிலம் பலமாக அதிர்ந்தால் சைரனுக்குக் காத்திருக்காமல், வண்டியையும் எடுக்காமல், மேட்டை நோக்கி நடக்க வேண்டும். இன்னொன்று, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். எதிர்பாராமல் ஒரு பெரிய அலை வந்தால் கட்டை உருளும்.

உள்நாட்டில் கேள்விகள் வேறு

கடலோரத்தில் காற்றைப் பார்த்தோம். உள்நாட்டில் பார்க்க வேண்டியவை நிழல், உயரம், மின் இணைப்பு.

தாழ்வான இடங்களில் கோடைப் பகல் சுடும், ஏசி இல்லாமல் வண்டி தகரக் கொட்டகைதான். மெட்ஃபர்டிலிருந்து கிரேட்டர் லேக் போகும் வழியில், லாஸ்ட் கிரீக் ஏரிக்கரையில் ஜோசப் ஸ்டூவர்ட் பார்க் இருக்கிறது. மின் இணைப்பு கிடைக்கும், வெயிலும் அதற்கேற்ப இருக்கும். ஐ-5 நெடுஞ்சாலையை ஒட்டிய 'வேலி ஆஃப் த ரோக்' ஸ்டேட் பார்க், ஓட்டிக் களைத்தவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போக வசதியானது. ஆனால் லாரிச் சத்தம் கூடவே வரும். அழகுக்காக அங்கே மூன்று நாள் போடாதீர்கள்.

உயரமான இடத்தில் ஏசி வேண்டியதில்லை, ஹீட்டர் வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது டைமண்ட் லேக். 5,000 அடிக்கு மேலே, ஏரியை ஒட்டியே நீளும் கேம்ப்கிரவுண்ட். ஒரு பக்கம் மவுண்ட் பெய்லி, எதிர்ப்பக்கம் ஈட்டி முனைபோல் தீல்சன் சிகரம். இங்கே மின் இணைப்பு கிடையாது, ஆனால் குளியலறையும், வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் இருக்கின்றன. கிரேட்டர் லேக்கின் வடக்கு வாசல் பக்கத்திலேயே. பூங்காவுக்குள்ளேயே மசாமா கேம்ப்கிரவுண்டும் உண்டு, இடம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அது ஏரிக்கரை இல்லை, விளிம்பு வரை மேலே ஏறித்தான் ஏரியைப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து, ஏரி தெரியும் என்று நினைத்துப் போகிறவர்கள் பலர். டைமண்ட் லேக்கில் தங்கி ஒரு பகலில் கிரேட்டர் லேக் போய் வந்தால் இரண்டு ஏரியும் ஆயிற்று. ஏறத்தாழ 7,700 வருடத்துக்கு முன் எரிமலை ஒன்று வெடித்து உள்ளே சரிந்த பள்ளம் அது. ஆழம் 1,943 அடி. அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் சோறு வேகாமல் படுத்தும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். ஜூலை நடுவுக்கு முன் போனால் கொசு மருந்தும் கட்டாயம்.

பெண்ட் பக்கம் டெஷூட்ஸ் ஆற்றை ஒட்டி டுமாலோ, லபைன் என்று இரண்டு ஸ்டேட் பார்க்குகள் இருக்கின்றன. டுமாலோ ஊருக்குப் பக்கம், அதனால் சீக்கிரம் நிரம்பும். லபைன் பைன் மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும். கோடையிலும் ராத்திரி நன்றாகக் குளிரும். அங்கிருந்து நியூபெரி எரிமலைப் பகுதிக்குப் போய் வரலாம். சுமார் 1,300 வருடத்துக்கு முன் வழிந்து உறைந்த கருங்கண்ணாடிப் பாறைமேல் நடப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டால் பிரைன்வில் நீர்த்தேக்கம். 2021-இல் இருள்வானப் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் பெற்ற இடம். அமாவாசையை ஒட்டி நாள் பாருங்கள், நம்மிடம்தான் பஞ்சாங்கம் இருக்கிறதே.

கடைசி இரவுக்கு சில்வர் ஃபால்ஸ். சேலம் நகருக்குக் கிழக்கே இருக்கிறது. அமெரிக்கச் சேலம்தான், அம்மாவிடம் இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. 7.2 மைல் நடைபாதையில் பத்து அருவிகள். அவ்வளவு நடக்க முடியாதவர்கள் 177 அடி சவுத் ஃபால்ஸை மட்டும் பார்க்கலாம், அருவிக்குப் பின்னாலேயே பாதை போகிறது. குற்றாலத்தைப்போல் தலையைக் கொடுத்துக் குளிக்க முடியாது, அருவியை நீர்த்திரைக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்போது நீளம்

ஊர்களைக் குறித்துக்கொண்டாயிற்று. அடுத்து ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டிலும் எத்தனை அடி வண்டி நுழையும் என்று பாருங்கள். இதை கேம்ப்கிரவுண்டுக்குப் பொதுவாகப் பார்க்காமல், குறிப்பிட்ட எண்ணுள்ள சைட்டுக்கு, அதாவது ஒரு வண்டி நிற்கும் தனி இடத்துக்குப் பார்க்க வேண்டும். கேம்ப்புக்குள் சுற்றிவரும் ஒரே வளைவுப் பாதையில் பக்கத்துப் பக்கத்து சைட்டுகளில் ஒன்று 50 அடி, இன்னொன்று 24 அடி என்று இருப்பதுண்டு. வண்டியின் நீளம் என்பது முன் பம்பரிலிருந்து பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கி வரை. வாடகைக்காரர் '25 அடி' என்று சொன்னால் நான் 27 என்று எடுத்துக்கொள்வேன்.

நான்கு பேர், ஐந்து பேர் குடும்பத்துக்கு 24 அல்லது 25 அடி 'கிளாஸ் சி' வண்டி போதும். ஓட்டுநர் அறைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. 30 அடிக்குப் போனால் உள்ளே ஒரு சோபா கூடுதலாகக் கிடைக்கும், வெளியே கேம்ப் இடங்களில் பாதி குறைந்துவிடும். சில சாலைகளிலும் சிரமம். சிஸ்டர்ஸ் ஊரிலிருந்து மெக்கென்சி கணவாய் வழியாகப் போகும் 242-ஆம் சாலையில் 35 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. அதற்குக் கீழேயும் அந்த எரிமலைக் குழம்பு வளைவுகளில் ஆர்வி ஓட்டுவது பெரிய வேதனை. போனில் வழிகாட்டும் வரைபடத்துக்கு நீங்கள் காரில் போகிறீர்களா, வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறீர்களா என்று தெரியாது. கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குத் திரும்ப, ரீட்ஸ்போர்ட்டிலிருந்து 38-ஆம் சாலை, அப்புறம் ரோஸ்பர்க்கிலிருந்து டைமண்ட் லேக்குக்கு 138-ஆம் சாலை. வழியில் அருவிகள் வரிசையாக வரும், வண்டிக்கும் சிரமம் இல்லை.

ஹூக்கப்: எது வேண்டும், எது வேண்டாம்

முழு ஹூக்கப் என்றால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் சைட்டிலேயே இருக்கும். பாதி ஹூக்கப்பில் முதல் இரண்டு மட்டும். எதுவும் இல்லாத இடமும் உண்டு. எல்லா இரவும் முழு ஹூக்கப் வேண்டும் என்று அடம்பிடித்தால் நல்ல இடங்கள் பாதி போய்விடும். கழிவுத் தொட்டி நிரம்ப, ஐந்து பேர் கொஞ்சம் கட்டுப்பாடாக இருந்தால் மூன்று நாள் ஆகும். கேம்ப் குளியலறையிலேயே குளித்துக்கொண்டால் இன்னும் தாங்கும். அதனால் என் வழக்கம் இது: இரண்டு இரவு ஹூக்கப் இல்லாத அழகான இடம், அடுத்து மின் இணைப்புள்ள ஸ்டேட் பார்க். கிளம்பும் நாளில் டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பிக்கொள்வது.

நம் சமையலுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப். 120 வோல்ட்டில் பெருக்கினால் 3,600 வாட். ஏசி ஏறக்குறைய 1,500 எடுக்கும், மைக்ரோவேவும் அதே அளவு. இரண்டும் ஓடும்போது மின்சாரக் குக்கரைப் போட்டால் டப்பென்று எல்லாம் அணையும். முதல் பயணத்தில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்ட நொடியில் வண்டி இருண்டது. என் மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நிற்க, நான் பிரேக்கர் எங்கே என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். சட்னியை வீட்டிலேயே அரைத்து, தாளிக்காமல் உறையவைத்துக் கொண்டுபோவது உத்தமம்.

வரைபடத்தைப் படிக்கும் விதம்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்பதிவுத் தளத்தில் கேம்ப் வரைபடம் இருக்கும். அதையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

அமெரிக்க ஆர்வியின் வாசலும் வெளியே இழுக்கும் பந்தலும் வலப்பக்கம் இருக்கும். மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மாட்டும் இடங்கள் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கமான இடப்பக்கம். சைட்டுக்குள் பின்பக்கமாகத்தான் நுழைப்பீர்கள். அப்படி நுழைத்து நின்றபின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கும் என்று யோசியுங்கள். கடலோரத்தில் காற்று வடக்கிலிருந்து வருகிறது என்றேன் இல்லையா? சைட்டுக்குக் கிழக்கே சாலை இருந்து, மேற்கு நோக்கிப் பின்னால் போய் நின்றால், வண்டியின் முகம் கிழக்கே, வாசல் தெற்கே. வண்டியே காற்றுக்குச் சுவராகிவிடும், நீங்கள் நிம்மதியாக வெளியே உட்கார்ந்து காபி குடிக்கலாம். அதே சாலைக்கு எதிர்ப்பக்க சைட்டில், கிழக்கு நோக்கிப் பின்னால் போனால் வாசல் வடக்கே. பந்தலை விரித்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஏரிக்கரையிலும் இதே கணக்கு. வாசல் பக்கம் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வண்டியின் கழிவுக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கேம்ப் வளைவுகள் பலவும் ஒருவழிப் பாதை. போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்கும் சைட்டில் பின்னால் எடுப்பது எளிது. ஓட்டுநர் தன் பக்க ஜன்னலிலும் கண்ணாடியிலும் எல்லாவற்றையும் பார்க்கலாம். வலப்பக்க சைட்டில் கிட்டத்தட்டக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பதுபோல. முதல் பயணம் என்றால் இடப்பக்கம், அல்லது நேராக நுழைந்து நேராக வெளியே வரும் சைட்.

கழிப்பறைக்குப் பக்கத்து சைட் பெரியவர்களுக்கு வசதி என்று தோன்றும். ராத்திரி முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும். வண்டியிலேயே கழிப்பறை இருக்கும்போது அது எதற்கு? இரண்டு மூன்று சைட் தள்ளிப் பிடியுங்கள். டம்ப் ஸ்டேஷன் பக்கமும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

புக்கிங்

ஓரிகன் ஸ்டேட் பார்க் இடங்கள் ஆறு மாதம் முன்னால் திறக்கும். தேசியக் காடுகளின் இடங்கள் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில், அவற்றிலும் பெரும்பாலானவை ஆறு மாதம். அதாவது ஜூலை நடுவுக்குப் பொங்கலன்றே உட்கார வேண்டும். பானை பொங்கியதும் கணினியைத் திறங்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள். அப்புறம் மே மாதத்தில் இடம் இல்லை என்று போன் செய்வார்கள். ஓரிகனில் வசிக்காதவர்களுக்கு ஸ்டேட் பார்க் ஆர்வி இடங்களில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு. கலிபோர்னியா, வாஷிங்டன் பக்கத்து நண்பர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

தாமதமாகிவிட்டதா? வெள்ளி, சனியை விட்டுவிட்டு ஞாயிறு முதல் வியாழன் வரை தேடுங்கள். ரத்தாகும் இடங்கள் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது நிறைய வரும், தினமும் காலையில் ஒரு முறை பார்த்தால் கிடைக்கும். கடலோரச் சனிக்கிழமை மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஓர் இரவுக்குத் தனியார் ஆர்வி பார்க். வண்டிகள் தீப்பெட்டி அடுக்கியதுபோல் நிற்கும். ஆனால் துணி துவைக்க இயந்திரம் இருக்கும், முழு ஹூக்கப் இருக்கும். நான்காம் நாள் வாக்கில் அதுவும் தேவைதான். பணம் கட்டும் முன் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். பராமரிப்புக்காகக் கோடையிலேயே மூடிவைக்கும் பகுதிகள் இருக்கலாம்.

நாட்களைக் கோப்பது

ஓரிகனில் 101-ஆம் கடலோரச் சாலை மொத்தம் 363 மைல். காரில் ஒரு நாளில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆர்வியில் முடிந்தவரை நாளைக்கு 150 மைலுக்கு மேல் போடாதீர்கள், முக்கியமான இடங்களில் இரண்டு இரவாவது தங்குங்கள். மாநிலப் பூங்காக்களில் உள்ளே நுழைய மாலை 4 மணி, காலி செய்ய மதியம் 1 மணி. நடுவில் உள்ள நேரம்தான் உங்கள் பயண நேரம்.

ஒன்பது இரவுக்கு நான் போடும் வரிசை: நெஹேலம் அல்லது ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் இரண்டு, நியூபோர்ட் பக்கம் ஒன்று, ஹனிமேனில் இரண்டு, டைமண்ட் லேக்கில் இரண்டு, லபைனில் ஒன்று, சில்வர் ஃபால்ஸில் ஒன்று. ஒரு வாரம்தான் என்றால் நியூபோர்ட்டையும் லபைனையும் வெட்டிவிடுங்கள். கடலோரத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் நாட்களில் மின் இணைப்போடு வண்டியைப் பழகிக்கொண்டு, கை வந்தபின் ஹூக்கப் இல்லாத மலைக்குப் போகலாம். மலைப்பக்கம் புகை என்று செய்தி வந்தால் கடலோரத்திலேயே இன்னும் இரண்டு நாள் தேடிக்கொள்ளவும் வழி இருக்கும். கிளம்பும் முன் காற்றுத் தரத்தைக் காட்டும் ஏர்நவ் தளத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். தீ மூட்டத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள், உள்நாட்டில் கோடையில் அடிக்கடி வரும். விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள். மரத்தை அரிக்கும் பூச்சிகள் கூடவே பயணம் செய்யும், எரிக்கும் ஊரிலேயே வாங்குவதுதான் முறை.

போய்ச் சேர்ந்ததும்

வெளிச்சம் இருக்கும்போதே சேருங்கள். நாங்கள் ஒரு தடவை ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்னால் நின்று என் மனைவி டார்ச் அடித்து "வா, வா" என்று சொல்ல, நான் வந்தேன். தரையைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். தலைக்கு மேலே ஸ்ப்ரூஸ் மரத்தின் கிளை ஒன்று கூரைக் காற்றுத்துவார மூடியைக் கழற்றிக்கொண்டது. வாடகைக்காரர் அதற்குப் போட்ட பில், மூன்று இரவு கேம்ப் கட்டணத்தைவிட அதிகம். இப்போதெல்லாம் சைட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கிறேன். தரை, குழாய்க் கம்பம், நெருப்புக் குழி, அப்புறம் அண்ணாந்து கிளைகள். வண்டியின் உயரம் எத்தனை அடி என்று ஒரு சீட்டில் எழுதிக் கண்ணுக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன்.

நின்றபின் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு மேடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாலே தெரிந்துவிடும். சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும், கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது. இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி நேரம், ஜெனரேட்டர் போடக் கூடாது. ஹூக்கப் இல்லாத இடத்தில் மிக்ஸி வேலை எல்லாவற்றையும் மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசி நாள் சில்வர் ஃபால்ஸில் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் டம்ப் ஸ்டேஷனில் பதினோரு மணிக்கு மேல் நீண்ட வரிசை நிற்கும். அமைதி நேரம் முடிந்த கையோடு ஏழரைக்கே போய்க் காலி செய்துவிட்டு, வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி, அப்புறம் அருவிக்கு நடங்கள். நிரம்பிய தொட்டியோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள்.